வீரபாண்டி துடைத்த ஏழு படங்கள்

ஷார்ஜா ரோலாவில், பணம் அனுப்பும் கடைகளும் துபாய் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டமும் நெருக்கியடிக்கிற தெருவில் அஸ்கர் அலியின் பிரேம் கடை இருந்தது. பெயர்ப்பலகை அஸ்கர் அலியுடையது, லைசென்ஸ் ஓர் அரபியுடையது, கடைக்கு இருந்த நல்ல பெயர் மட்டும் வீரபாண்டியுடையது. சும்மா சொல்லக் கூடாது. தொண்ணூறுகளில் அந்த வட்டாரத்தில் ஒரு படத்துக்குச் சட்டம் போட வேண்டுமென்றால், பாகிஸ்தானி டெய்லரிலிருந்து பேங்க் மேனேஜர் வரை எல்லாரும் "அந்த மதராஸி இருக்கானா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படத்தைப் பையிலிருந்து வெளியே எடுப்பார்கள். அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரனை மதராஸி என்றால் அவனுக்குக் கோபம் வரும். மற்றபடி அவனைக் கோபப்படுத்துவது கஷ்டம்.

பதினான்கு வயதில் அவன் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சாபீசில் வேலைக்குச் சேர்ந்தான். முருகன், மாதா, மக்கா மதீனா, பூனைக்குட்டியைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் குழந்தை எல்லாரும் ஒரே மிஷினிலிருந்து வெளியே வருவார்கள். தாள் அச்சாகி வரும்போது நாலு பக்கமும் வெள்ளை ஓரம் இருக்கும். அந்த ஓரத்தில் செக்கிங் மேஸ்திரி பென்சிலால் கிறுக்குவார். இருபது கட்டில் மூன்றாவது கட்டு என்றால் 3/20 என்று எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தைக் கோழி கிளறின மாதிரி போட்டு வைப்பார். கடைக்குப் போகிற தாளில் அந்தக் கிறுக்கல் இருக்கக் கூடாது. ஓரத்தை வெட்டுவார்கள். வெட்ட முடியாத படமென்றால் பென்சிலை அழிப்பார்கள். அழிக்கிற வேலைதான் வீரபாண்டியின் முதல் உத்தியோகம்.

அவன் அதில் பெரிய கெட்டிக்காரன் ஆனான். ரப்பர் தேய்த்தால் தாளின் மினுமினுப்புப் போய்விடும் என்று ரொட்டியின் வெள்ளைப் பகுதியைப் பிசைந்து, அதை உருட்டி உருட்டி ஒற்றி எடுப்பான். பென்சில் அழுத்தின தடம் தெரிந்தால் மேலே மெல்லிய தாளை வைத்து, கரண்டியின் முதுகால் நீவி விடுவான். எழுதின மேஸ்திரியே வந்து தேடினாலும் தான் எழுதின இடம் எதுவென்று கண்டுபிடிக்க முடியாது.

அதற்குப் பிறகு மதுரையில் சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை, பூவாயியோடு கல்யாணம், ராதிகா என்று ஒரு மகள், ஏஜெண்டைப் பிடித்து அரபு நாட்டில் ஜுபைல். அங்கே இரண்டு வருஷம் கேம்பில் தங்கி, ஆலைக் குழாய்களுக்குப் பஞ்சு சுற்றினான். காண்டிராக்ட் முடிந்து ஊர் திரும்பியவனை, பழைய மதுரைக் கடை மூலம் கேள்விப்பட்டு 1992இல் ஷார்ஜாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டவர் கீழக்கரை அஸ்கர் அலி. இருபது வருஷமாக வளைகுடாவில் இருந்து அரபி பேசப் பழகியவர். அவருடைய பி.ஏ. படித்த மனைவி ஹாலிதா, அஸ்கர் அலி சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் பகல் நேரங்களில் கல்லாவில் உட்காருவார். கண்ணாடி அறுக்க அதிராம்பட்டினத்து மூசா. கடை அவ்வளவுதான்.

ரோலாவுக்கு வந்த பிறகுதான் வீரபாண்டிக்கு ஓவியர்கள் பழக்கமானார்கள். எங்கே பார்த்தாலும் ஓட்டல் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அறைக்கு ஒரு படம் என்று போஸ்டர்கள் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். மேலே படம், கீழே பொடி எழுத்தில் அந்த ஓவியரின் கதை. ஓட்டல்காரர்களுக்குக் கதை வேண்டாம், படம் போதும். வீரபாண்டி ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பில் கதையை அறுத்துப் போடுவான். உலகத்துப் பெரிய ஓவியர்களின் வாழ்க்கையெல்லாம் நாலு விரல் அகலத்தில் தரையில் சுருண்டு கிடக்கும்.

அதைப் பொறுக்கிப் படித்தவர் ஹாலிதா. கல்லாவில் ஈ ஓட்டுகிற நேரத்தில் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொல்லுவார். முதலில் வீரபாண்டிக்கு இந்த நவீனப் படங்கள் என்றாலே சிரிப்பு. "ரெண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கேக்கா, மிஷின்ல தாள் நகந்துருச்சா?" என்பான். கதை கேட்கக் கேட்கச் சிரிப்புக் குறைந்தது. மத்தீஸ் என்கிற ஓவியர் ஆபரேஷனுக்குப் பிறகு படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்துகொண்டு, கலர் பூசின தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டியே படம் செய்தார் என்று கேட்டபோது, "அப்ப அவரு நம்ம தொழிலு!" என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

பிரான்குசி என்ற சிற்பி செய்த வெண்கலப் பறவை அமெரிக்காவில் போய் இறங்கியபோது, கஸ்டம்ஸ்காரர்கள் இது சிற்பமே இல்லை, சமையல் பாத்திர வகை என்று வரி போட்டுவிட்டார்களாம். வழக்கு நடந்து, கடைசியில் நீதிபதி இது சிற்பம்தான் என்றாராம். இதைக் கேட்டுக் கடையே சிரித்தது. டூ-இன்-ஒன் டேப்ரிக்கார்டரைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்போய் இறங்கினவர்களுக்குக் கஸ்டம்ஸ் என்றால் சொல்லவா வேண்டும். மூசா கண்ணாடியை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

எல்லாவற்றையும்விட வீரபாண்டியைப் பிடித்துக்கொண்டது வான்கோவின் கதை. தம்பி தியோ மாதாமாதம் பணமும் சாயமும் அனுப்ப, அண்ணன் ஊரை விட்டுத் தள்ளி உட்கார்ந்து படம் வரைந்து, தம்பிக்குக் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினாராம். வளைகுடாவில் இருக்கிறவனுக்கு இது புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? அதை அப்படியே பூவாயிக்கு எழுதினான். பூவாயி பதில் போட்டாள்: "நீங்க அனுப்பினதுல உங்க தம்பி மோட்டார் சைக்கிள்தான் வாங்கினாரு. படம் ஒண்ணும் வரையலை. அந்த ஆளு தம்பி நல்ல தம்பி."

இந்தப் பூவாயியை ஒரு முறையாவது ஷார்ஜாவுக்குக் கூட்டி வந்து, கடலையும் கடையையும் தான் சட்டம் போட்ட ஓட்டல் வாசலையும் காட்ட வேண்டும் என்பதுதான் வீரபாண்டியின் ஒரே ஆசை. அவள் முகத்தைப் பார்த்து இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிவிட்டது. அவன் சம்பளத்துக்குக் குடும்பத்தை அவனே கூப்பிட முடியாது. முதலாளி ஜாமீன் கடிதம் கொடுத்தால் கஃபீல், அதாவது லைசென்ஸுக்குச் சொந்தக்கார அரபி, விசிட் விசா எடுத்துத் தருவார். 1996 நோன்பு மாதத்தில் மனம் இளகிய அஸ்கர் அலி, "டிசம்பர்ல வரச் சொல்லுப்பா, நா பாத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அக்டோபரில் கடிதமும் டைப்படித்து வந்தது. கையெழுத்துதான் பாக்கி. "நாளைக்குப் போடறேன்" என்று மேஜை டிராயரில் வைத்தார். நாளைகள் போய்க்கொண்டே இருந்தன. ஊரில் பூவாயி பாஸ்போர்ட் எடுத்து, ராதிகாவைத் தன் அம்மா வீட்டில் விட ஏற்பாடும் செய்துவிட்டாள்.

நவம்பர் முதல் வாரத்தில் சுஹைலா மேடம் வந்தார்.

அவர் இராக்கியப் பெண்மணி. ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சர். இரண்டு அட்டைகளுக்கு நடுவே துணி சுற்றிக் கொண்டுவந்த பொட்டலத்தைக் கைக்குழந்தையை இறக்குகிற மாதிரி மேஜையில் இறக்கினார். உள்ளே ஏழு படங்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. மொட்டை மாடியில் தூங்குகிற பெண், ஆளில்லாத குதிரை, பாதியில் நிற்கும் பாலம், தட்டில் மீன், கதவு, தோணி, பேரீச்ச மரங்கள். அவருடைய குருவான உஸ்தாத் யூனுஸ், செப்புத் தகட்டில் கீறி, திராவகத்தில் அரித்து, மை தடவித் துடைத்து, ஒவ்வொன்றாகத் தாளில் அழுத்தி எடுத்தவை. தகடுகள் பாக்தாதில் மாட்டிக்கொண்டுவிட்டன. உஸ்தாத் அம்மானில் அடைக்கலமாக இருக்கிறார். அடுத்த வியாழக்கிழமை ஷார்ஜாவில் ஒரு மண்டபத்தில் இந்த ஏழும் மாட்டப்படும், புதன்கிழமை உஸ்தாதே வருகிறார் என்றார் சுஹைலா.

கிளம்பும் முன் வீரபாண்டிக்குக் கண்டிப்பாக இரண்டு விஷயம் சொன்னார். தாளை ஒரு நூல்கூட வெட்டக் கூடாது, வெள்ளை ஓரம் முழுவதும் கண்ணாடிக்குள் தெரிய வேண்டும். இரண்டாவது, சுத்தம், படு சுத்தம்.

"மாஃபி கட், மேடம். ஃபுல் க்ளீன்" என்று வீரபாண்டி நெஞ்சில் கை வைத்தான்.

ஏழு தாள்களையும் பிரித்துப் பரப்பினான். ஒவ்வொன்றின் அடியிலும் இடது மூலையில் பென்சிலில் 3/20, வலது மூலையில் கோழிக் கிளறல். எத்தனை வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறான்! 'பாக்தாதுலயும் செக்கிங் மேஸ்திரி இப்படித்தான் போல' என்று நினைத்துக்கொண்டான். ஓரத்தை வெட்டக் கூடாது என்றால் கிறுக்கல் கண்ணாடிக்குள் தெரியும். தெரிந்தால் சுத்தம் எப்படி? மூசாவைப் போய் ஒரு ரொட்டி வாங்கி வரச் சொன்னான்.

மூன்று நாள் பிடித்தது. கிறுக்கலை ஒற்றி ஒற்றி எடுத்து, கரண்டியால் நீவி, கறுப்புச் சட்டம் போட்டு, கண்ணாடியை மூச்சு விட்டுத் துடைத்து வரிசையாகச் சாய்த்து வைத்தான். அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு நேர்த்தியாக ஒரு வேலை செய்ததில்லை. அதுதான் வினையாகப் போனது.

திங்கட்கிழமை சுஹைலா வந்தார். முதல் படத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார். குனிந்தார். இன்னும் குனிந்தார். இரண்டாவது படத்துக்குப் போனார், மூன்றாவதுக்கு ஓடினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

ஹாலிதா தண்ணீர் கொடுத்து, இங்கிலீஷில் விசாரித்து, விஷயத்தைத் தெரிந்துகொண்டு தமிழில் சொன்னார். அழிந்தது உஸ்தாதின் கையெழுத்து. 3/20 என்றால் ஒரே தகட்டில் எடுத்த இருபது பிரதியில் இது மூன்றாவது என்று அவரே போட்ட எண். அந்த இரண்டும் இருந்தால்தான் படம் ஓவியரின் படம். இல்லாவிட்டால் வெறும் அச்சுத் தாள்.

"அவரு புதன்கிழமை வர்றாருல்ல, வந்து திரும்பப் போட்டுக் கொடுத்துட்டா ஆச்சு" என்றார் அஸ்கர் அலி, நிலைமையைச் சமாளிக்கிற குரலில்.

சுஹைலா தலையை ஆட்டினார். உஸ்தாதைத் தெரியாமல் பேசுகிறீர்கள். ஒரு கண்காட்சியில் படத்தைத் தலைகீழாக மாட்டினார்கள் என்று நாற்காலியைத் தூக்கி வீசிவிட்டு வெளியேறியவர் அவர். ஊரும் போய், வீடும் போய், அவரிடம் மிச்சம் இருப்பது பெயர் ஒன்றுதான். அதையும் ஒருவன் ரொட்டித் துண்டால் துடைத்துவிட்டான் என்று எந்த வாயால் சொல்வேன்? அடுத்த விமானத்தில் திரும்பிவிடுவார் என்றார்.

சுஹைலா போனதும் அஸ்கர் அலி ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே? யா அல்லாஹ்! இருவது வருஷமா சம்பாதிச்ச பேரு! ஊரெல்லாம் சிரிக்கும், கையெழுத்தையே அழிச்ச கடைனு!"

"கட்டு நம்பர்னு நெனச்சேன் முதலாளி. எங்க ஆபீசுல…"

"ஒங்க ஆபீசைக் கொண்டு குப்பையில போடு! கேட்டுக்க. அந்தப் பெரியவர் புதன்கிழமை வந்து என்ன சொல்றாரோ அதுதான் ஒனக்கும். அவரு கோவிச்சுக்கிட்டுப் போனாருன்னா, பூவாயி விசா கலாஸ். நீயும் ஊரப் பாக்கப் போய்ச் சேரு."

டிராயரை இழுத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

 வீரபாண்டி கண்ணாடிக்கு மேலேயே அழித்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தான். அவன் கை சுத்தம் அவனுக்கே தெரியும், ஒரு தடம்கூடக் கிடைக்கப் போவதில்லை. இனி பூவாயிக்கு என்ன எழுதுவது? பாஸ்போர்ட்டைத் தெருவில் எல்லாருக்கும் காட்டியிருப்பாள். அவமானம் அவளுக்கும் அல்லவா? நினைக்க நினைக்க அவனுக்கு அழுகை வந்தது, அழவும் செய்தான்.

மூசா மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "இந்தா பாரு, எதுக்கு அழுவுறே? மேடத்துக்கிட்ட பழைய கண்காட்சி நோட்டீசு இருக்கு, அதுல பெரியவர் கையெழுத்து இருக்கு. அத வாங்கிக் குடு, ஏழுலயும் போட்டுத் தர்றேன். எங்க ஹெட்மாஸ்டர் கையெழுத்த அவரை விட நல்லாப் போட்டவன் நான்."

ஒரு நிமிஷம் வீரபாண்டி யோசித்தான். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பிறகு தலையை ஆட்டினான்.

"வேணாம் மூசா. தெரியாம அழிச்சேன், சரி. தெரிஞ்சே எழுதினா அது திருட்டுல்ல?"

"அப்ப விசா?"

வீரபாண்டி எழுந்து போய்க் கண்ணாடிகளை மறுபடி துடைக்க ஆரம்பித்தான்.

புதன்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்த நேரம், டாக்ஸி வந்து நின்றது. சுஹைலா முன்னால் இறங்கி, கதவைத் திறந்து பிடித்தார். எழுபது வயது மனிதர், கையில் தடி, விரல் நுனியெல்லாம் திராவகம் பட்டுப் பழுத்திருந்தது. வழியிலேயே சுஹைலா விஷயத்தைச் சொல்லியிருந்தார். அவர் யாருக்கும் சலாம் சொல்லவில்லை. அஸ்கர் அலி நீட்டிய நாற்காலியைப் பார்த்தார். நாற்காலிக் கதையை நினைத்துக்கொண்டு அஸ்கர் அலி அதை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

உஸ்தாத் ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போனார். சாய்த்தார், நிமிர்த்தினார், மூலையில் மூக்கு படுகிற அளவு குனிந்து பார்த்தார். திரும்பி வந்து அரபியில் ஒரே வார்த்தை கேட்டார். யார்?

அஸ்கர் அலி வீரபாண்டியைக் கை காட்டினார்.

"எதை வச்சு அழிச்சேனு கேக்கறாரு" என்றார் அஸ்கர் அலி. வீரபாண்டி மிச்சமிருந்த ரொட்டியையும் கரண்டியையும் எடுத்துக் காட்டினான். உஸ்தாத் கரண்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஏன் அழித்தாய் என்று அடுத்த கேள்வி.

வீரபாண்டி சிவகாசியிலிருந்து ஆரம்பித்தான். மிஷின், வெள்ளை ஓரம், இருபது கட்டு, செக்கிங் மேஸ்திரி, கோழிக் கிளறல். "படம் அம்புட்டு நல்லாருந்துச்சு. அந்தக் குதிரைய ஒரு மணி நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். இவ்வளவு நல்ல படத்துல எவனோ கிறுக்கி வச்சிருக்கானேனு கோவம் வந்துச்சு. அதான் தொடச்சேன். தப்புதான், மன்னிச்சிருங்கனு சொல்லுங்க முதலாளி."

அஸ்கர் அலி அரபியில் சுருக்கமாக ஏதோ சொன்னார். கல்லாவிலிருந்து ஹாலிதா எழுந்தார்.

"என்னங்க, அவன் இவ்வளவு நேரம் பேசினான், நீங்க ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டீங்க?"

"படிப்பில்லாதவன், மன்னிச்சிருங்கனு சொன்னேன். போதாதா?"

ஹாலிதா கல்லாவை விட்டு வெளியே வந்தார். சுஹைலாவிடம் இங்கிலீஷில் முழுக் கதையையும், கோழிக் கிளறல் உட்பட, ஒன்று விடாமல் சொன்னார். சுஹைலா தயங்கித் தயங்கி உஸ்தாதிடம் அரபியில் சொன்னார். 

கிழவர் சிரித்தார். முதலில் இருமல் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தடியை மேஜையில் சாய்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு பேசினார். நிறையப் பேசினார். அஸ்கர் அலி இப்போது ஹாலிதாவுக்குப் பயந்து ஒரு சொல் விடாமல் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

"நாப்பது வருஷமாக் கண்காட்சி நடத்தறாராம். வர்றவங்க எல்லாம் முதல்ல குனிஞ்சு மூலையில பேரு என்ன, நம்பர் என்னனு பாப்பாங்களாம். அப்புறம்தான் நிமிந்து படத்தைப் பாப்பாங்களாம். சில பேரு நிமிரவே மாட்டாங்களாம். நீதான்… நீதான் படத்தைப் பாத்துட்டு, பேரை அழுக்குனு நெனச்ச மொத ஆளாம்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அஸ்கர் அலிக்கு நெற்றி வியர்த்துவிட்டது. தான் ஊருக்கு அனுப்ப இருந்தவனைத் தன் வாயாலேயே புகழ வைக்கிறார்களே என்ற சங்கடம்.

உஸ்தாத் அடுத்த கேள்வி கேட்டார். ஏழையும் இவ்வளவு பார்த்தாயே, எது உனக்குப் பிடிக்கவில்லை?

வீரபாண்டி முதலாளியைப் பார்த்தான். பிறகு படங்களைப் பார்த்தான். அவனுக்குள் இருந்த அச்சாபீஸ்காரன் விழித்துக்கொண்டான். பேரீச்ச மரப் படத்தின் முன்னால் போய் நின்றான்.

"இதுல இடது பக்கம் மை அப்பிக்கிடக்கு. சரியாத் தொடைக்காம அழுத்தியிருக்கு. மரத்துக்கு மரம் இருக்கற சந்து அடைச்சுப்போச்சு. எங்க ஆபீசா இருந்தா இத வேஸ்டுனு ஒதுக்கிருப்பாங்க."

அஸ்கர் அலி கண்ணை மூடித் திறந்தார். மலர்ந்த முகத்தோடு அரபியில் சொன்னார். சொன்னது என்னவென்று ஹாலிதாவுக்கு அரபி தெரியாமலே புரிந்தது.

"எல்லாமே அழகுனுதானே சொன்னீங்க?"

"நீ கொஞ்சம் சும்மா இரேன்!"

ஹாலிதா சும்மா இருக்கவில்லை. அவன் சொன்னது இங்கிலீஷில் சுஹைலாவிடம் போயிற்று, சுஹைலாவிடமிருந்து அரபியில் உஸ்தாதிடம் போயிற்று.  சிரித்துக்கொண்டிருந்த மனிதரைக் கெடுத்துவிட்டோமே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா, பூவாயி வந்த மாதிரிதான் என்று வீரபாண்டி நொந்துகொண்டான்.

உஸ்தாத் பேரீச்ச மரங்களை வெயிலுக்கு எடுத்துக்கொண்டு போனார். வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து பேசியபோது குரல் தணிந்திருந்தது.

"இதை அழுத்துன அன்னிக்குக் கரண்டு இல்லையாம். குளிரு, மை இறுகிப்போச்சாம். சரியில்லனு அப்பவே தெரியுமாம். ஆனா ஊரை விட்டுக் கிளம்பற அவசரம், தகட்டை எடுத்துட்டு வர முடியாது, ஆறுக்கு ஏழு இருந்தா நல்லதுனு கையெழுத்துப் போட்டுட்டாராம். அஞ்சு வருஷமா இந்தப் படம் மட்டும் கண்ணை உறுத்திட்டே இருந்துச்சாம். போட்ட கையெழுத்தை எப்படித் திரும்ப எடுக்கறதுனு தெரியாம இருந்தாராம்."

அஸ்கர் அலி நிறுத்தினார். பிறகு தானாகவே சேர்த்துக்கொண்டார்: "நீ எடுத்துட்டே."

ஆறு படங்களின் கண்ணாடியையும் வீரபாண்டி கழற்றிக் கொடுத்தான். உஸ்தாத் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒவ்வொன்றையும் மறுபடி ஒரு முறை பார்த்து, எண்ணும் பெயரும் எழுதினார். ஏழாவதை எழுதாமல் தள்ளி வைத்தார். நாளை ஆறு போதும் என்றார். சுஹைலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூசா டீ வாங்க ஓடினான்.

டீ குடித்துவிட்டு உஸ்தாத் அந்தப் பேரீச்ச மரப் படத்தை வீரபாண்டியின் கையில் கொடுத்தார்.

"ஒனக்காம்" என்றார் அஸ்கர் அலி. "வித்துராதே, வச்சுக்கனு சொல்றாரு. ஓரத்துல ஒன் பேரை எழுதி, கீழ கையெழுத்தும் போட்டுத் தரவானு கேக்கறாரு. வாங்கிக்கப்பா! அவர் கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்பு தெரியுமா?"

வீரபாண்டி படத்தை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"படம் போதும்னு சொல்லுங்க முதலாளி. அவரு கையெழுத்து எனக்கு எதுக்கு?"  இவ்வளவு நாள் கேட்காமல் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "எனக்கு ஒங்க கையெழுத்துதான் வேணும்."

அஸ்கர் அலி பூட்டிய டிராயரைப் பார்த்தார்.  ஹாலிதாதான் சொன்னார், இங்கிலீஷில், நிதானமாக: டிராயரில் ஒரு கடிதம் இருக்கிறது, இவன் மனைவியைப் பார்த்து இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகிறது, ஒரு கையெழுத்துதான் குறை.

சுஹைலா சொல்லக் கேட்ட உஸ்தாத், வீரபாண்டியைப் பார்த்து ஐந்து விரலைக் காட்டினார். அவர் மனைவி பாக்தாதில் இருக்கிறார். பார்த்து ஐந்து வருஷம். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பிறகு அஸ்கர் அலியின் தோளில் கையைப் போட்டு, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு அரபியில் என்னவோ சொன்னார். அதை மட்டும் அஸ்கர் அலி கடைசிவரை யாருக்கும் தமிழில் சொல்லவில்லை.

பையில் சாவியைத் தேடினார். டிராயரைத் திறந்தார். கடிதத்தை எடுத்து மேஜையில் விரித்தார். உஸ்தாத் தன் கையிலிருந்த பென்சிலை நீட்டினார். அஸ்கர் அலி அதை வாங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"முதலாளி, முதலாளி!" வீரபாண்டி பாய்ந்து வந்து தாளின் மேல் கையை வைத்து மறைத்தான். "பென்சில் வேணாம். பேனாவுல போடுங்க."